ரெயிலைப் பார்த்து ரம்பத்தை எடுங்கள்

வார்ட்ரோப்பின் பக்கப் பலகை 7 அடி உயரம். அதை 18 மி.மீ. பிளைவுட்டில் கைக்கணக்கில் அறுத்தால், தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் நடுவே எங்கோ அரை நூல் விலகிவிடும். நம் தொழிலில் நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம். அதில் பாதி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். பலகை தரையில் கிடக்கும்போது அது கண்ணில் படாது. கதவை மாட்டிக் கீலை முடுக்கிய பிறகுதான் மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி என்று பல்லிளிக்கும். பிறகு கதவைக் கழற்றி, இழைப்புளியோடு உட்கார்ந்து, மறுபடி மைக்கா ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும். அரை நாள் போய்விடும். ஸ்கொயர் ஃபீட் கணக்கில் வேலை எடுத்தவருக்கு அந்த அரை நாளுக்கு யாரும் காசு தருவதில்லை.

அந்த அரை நாளைத் திருப்பித் தருகிற கருவிதான் டிராக் சா. பிளஞ்ச் சா என்றும் சொல்வார்கள். அலுமினிய ரெயிலைக் கோட்டின்மேல் வைத்து, அதன் முதுகில் நீண்டிருக்கும் மேட்டில் ரம்பத்தின் அடித்தகட்டை ஏற்றி, கைப்பிடியை அழுத்தினால் பிளேடு பலகைக்குள் இறங்கும். கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக் கூட்டுக்குள் மறைத்துவிடும். தள்ளுவது நம் வேலை, நேராகப் போவது ரெயிலின் வேலை. ஜெர்மனியில் 1925இல் தொடங்கிய ஒரு கருவி நிறுவனம், இன்று ஃபெஸ்டூல் என்ற பெயரில் இருப்பது, 1962இல் இப்படியொரு ரெயிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது மக்கிட்டா, போஷ், டிவால்ட், மாஃபெல் என்று பலரும் செய்கிறார்கள். மாடல்கள் பெருகிவிட்டதால் எதை எடுப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை வாட் என்று. நீங்கள் ரெயிலைக் கேளுங்கள். ரம்பம் தேயும், சில ஆண்டுகளில் மாற்றுவீர்கள். ரெயில் கூடவே இருக்கும். எந்த ரெயிலை வாங்குகிறீர்களோ, அடுத்த ரம்பத்தையும் அதுதான் தீர்மானிக்கும்.

உங்கள் வேலைக்கு இது வேண்டுமா?

இந்தக் கருவி எல்லாத் தச்சருக்கும் உரியது இல்லை. ஃபிளாட்டுகளிலும் தனி வீடுகளிலும் ஹாலிலேயே பலகையைப் போட்டு மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் செய்கிறவரா நீங்கள்? யோசிக்க வேண்டாம், வாங்குங்கள். 8க்கு 4 அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஒன்று ஏறத்தாழ 35 கிலோ இருக்கும். அதைத் தூக்கி மேஜை ரம்பத்தில் தள்ள இரண்டு ஆள் வேண்டும், எட்டடி முன்னும் எட்டடி பின்னும் இடம் வேண்டும். டிராக் சாவில் பலகை அசையாமல் கிடக்கும், ரம்பம்தான் அதன்மேல் போகும். ஒருவரே முழுப் பலகையையும் அறுத்துவிடலாம். படுக்கையறைக்குள்ளேயே வேலை முடியும்.

நிலை, ஜன்னல், கட்டில் என்று கெட்டி மரத்திலேயே பிழைக்கிறவருக்கு இது முதல் கருவி ஆகாது. 160, 165 மி.மீ. பிளேடு போட்ட வழக்கமான டிராக் சா 55 மி.மீ. ஆழத்தை ஒட்டித்தான் அறுக்கும். ரெயில்மேல் வைத்தால் அதிலும் 5 மி.மீ. அளவுக்குக் குறையும். 3 அங்குலத் தேக்குச் சட்டத்துக்கு அது எட்டாது. ஃபெஸ்டூல் டிஎஸ் 75 போல 210 மி.மீ. பிளேடு போட்டவை 75 வரை இறங்கும். ஆனால் எடையும் விலையும் வேறு. முக்கால் நாள் பிளைவுட் அறுக்கிறவர் என்றைக்கோ வரும் ஒரு நிலைச் சட்டத்துக்காக அந்தப் பெரிய மெஷினைச் சுமப்பதை நான் சொல்ல மாட்டேன். ஃபிளஷ் டோர் 30, 35 மி.மீ.தான், அதற்குச் சின்னதே தாராளம்.

மூன்றாவது வகை, ஒரே அளவில் ஐம்பது ஷட்டர், நூறு ட்ராயர் பக்கம் என்று செய்யும் பட்டறைக்காரர்கள். இவர்களுக்கு டிராக் சா ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் அளந்து, குறித்து, ரெயிலை வைத்து அறுக்க வேண்டும். ஒரே அகலத்தில் பட்டை பட்டையாக எடுப்பது இந்தக் கருவியின் பலவீனம். பேனல் சா உள்ள கட்டிங் கடையில் அளவுப் பட்டியலைக் கொடுத்து எட்ஜ் பேண்டிங்கோடு வாங்கிவருவது இவர்களுக்கு லாபம். அப்படிக் கொடுக்கிறவர்களும் சைட்டில் ஒரு டிராக் சா வைத்துக்கொண்டால் நல்லது. சுவர் எந்த வீட்டிலும் தூக்குக்குண்டுக்கு நேராக இருப்பதில்லை. கடைசிப் பலகையைச் சுவருக்கு ஏற்பச் சாய்த்து அறுக்கும் வேலை சைட்டில்தான் நடக்கிறது.

கையில் பணம் குறைவாக இருக்கிறது, தொழிலும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் 7 அங்குலச் சாதாரண சர்க்குலர் சாவும், நேரான ஓர் அலுமினியச் சட்டமும், இரண்டு ‘சி’ கிளாம்பும் போதும். பிளேடுக்கும் அடித்தகட்டின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், சட்டத்தைக் கோட்டிலிருந்து அத்தனை தூரம் தள்ளிப் பிடித்து நேராகவே அறுக்கலாம். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும், தூசி பறக்கும், மைக்கா சில்லு விடும். ஆனால் அறுவை நேராக இருக்கும். ஓராண்டு அப்படி ஓட்டிவிட்டு டிராக் சாவுக்கு வந்தால், அது எதற்குப் பணம் வாங்குகிறது என்பது தெளிவாகப் புரியும்.

ரெயில்: நீளம், குடும்பம், நேர்மை

பிளைவுட் 2440க்கு 1220 மி.மீ. குறுக்கே அறுக்க 1400 மி.மீ. ரெயில் தேவை. பலகையைவிட ரெயில் இரு பக்கமும் நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் ரம்பம் பலகையைத் தொடுவதற்கு முன்பே ரெயிலில் நிலையாக உட்காரும். 1220 பலகைக்கு 1200 ரெயில் போதாதா என்று கேட்டு வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே வருந்துவார்கள்.

நீளவாட்டில் அறுக்க 2800க்குக் குறையாமல் வேண்டும். இதற்கு இரண்டு வழி: 3 மீட்டர் ரெயில் ஒன்று, அல்லது 1400 இரண்டை இணைப்புக் கம்பியால் கோத்துக்கொள்வது. ஒற்றை ரெயில்தான் சிறந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் 3 மீட்டரை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு போக முடியாது. அடுக்குமாடி லிஃப்டில் நிற்காது, மாடிப்படித் திருப்பத்தில் இடிக்கும். சொந்தப் பட்டறையும் வண்டியும் உள்ளவர் 3 மீட்டர் எடுக்கட்டும். சைட் சைட்டாக அலைகிறவருக்கு இரண்டு 1400தான் நடைமுறை. ஆன்லைனில் மலிவான கிட்டுகளில் 700 மி.மீ. துண்டு இரண்டைக் கொடுத்து ‘1400 ரெயில்’ என்று எழுதியிருப்பார்கள். எட்டடி அறுக்க அப்படி நான்கு துண்டு கோக்க வேண்டும், மூன்று மூட்டு வரும். ஒவ்வொரு மூட்டும் கோடு விலகக்கூடிய இடம். அதைத் தவிருங்கள்.

இரண்டு ரெயிலைக் கோக்கும்போது முனையோடு முனையை முட்டவைத்துத் திருகை முடுக்கிவிடாதீர்கள். முனை வெட்டு நூறு சதவீதம் செங்கோணமாக இருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விட்டு, நேரான ஒரு சட்டத்தை ரெயில் விளிம்போடு ஒட்டிப் பிடித்து, இரண்டும் அதைத் தொடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிமாறி இறுக்குங்கள். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைச் சேமிக்கப் பார்த்தால் எட்டடிப் பலகை நடுவில் வளைந்து வரும்.

அடுத்தது குடும்பம். ஃபெஸ்டூல் ரெயிலின் மேடும் மக்கிட்டா ரெயிலின் மேடும் ஒரே மாதிரி. ஒன்றின் ரம்பம் மற்றதில் ஓடும், கிளாம்புகளும் பொருந்தும். மக்கிட்டா ரம்பத்தில் சாய்த்து அறுக்கும்போது கவிழாமல் பிடிக்கும் ஒரு சிறு நாக்கு உண்டு. அது மக்கிட்டா ரெயிலில்தான் மாட்டும், அது ஒன்றுதான் வித்தியாசம். வேறு பல நிறுவனங்களும் இந்த அமைப்பையே பின்பற்றுவதால் இந்தக் குடும்பம்தான் பெரியது. போஷின் எஃப்எஸ்என் ரெயில் வேறு குடும்பம், அதில் மாஃபெல் ரம்பமும் ஓடும். ரெயில்களைக் கோப்பதில் இந்த அமைப்பு சுலபமானது என்று பயன்படுத்துகிறவர்கள் பாராட்டுகிறார்கள். டிவால்ட் ரெயில் தனி வழி, அதன் இரண்டு ஓரத்தையும் அறுக்கப் பயன்படுத்தலாம். இவற்றில் எதுவும் மோசமில்லை. உங்கள் ஊர்க் கடையில் எந்த ரெயில் தனியாகக் கிடைக்கிறது, அதற்கான ரப்பர் பட்டை கிடைக்கிறதா, உங்களோடு வேலை செய்யும் இன்னொரு குழுவிடம் எது இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்துக்கு அவர்களின் ரெயிலைக் கடன் வாங்க முடிவது பெரிய வசதி.

ரெயில் நேராக இருக்கிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். ஒரு பலகையில் ரெயிலின் ஓரத்தை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் கோடு இழுங்கள். பிறகு ரெயிலைத் தலைமாற்றித் திருப்பி, அதே ஓரத்தை அதே கோட்டின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவந்து இரண்டு முனையையும் பொருத்தி மறுபடி கோடு இழுங்கள். இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் ரெயில் நேர். நடுவில் வாய் பிளந்தால் வளைவு, அதுவும் இரட்டிப்பாகத் தெரியும். வேறு ரெயில் கேளுங்கள்.

ரெயிலின் அடியில் ஓரமாக ஒரு ரப்பர் பட்டை இருக்கும். புதிதாக வாங்கும்போது அது தேவைக்கு மேல் அகலமாக இருக்கும். முதல் ஓட்டத்தில் உங்கள் பிளேடே அதை அளவாக நறுக்கும். அன்றிலிருந்து அந்த ரப்பர் விளிம்புதான் அறுவைக் கோடு. பென்சில் குறிமேல் அதை வைத்தால் போதும், தள்ளிவைக்கும் கணக்கே கிடையாது. இந்த முதல் ஓட்டத்தை அவசரமாகச் செய்யாதீர்கள். வேண்டாத பலகை ஒன்றின்மேல் ரெயிலைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, ஆழத்தைக் குறைவாக வைத்து, வேகத்தை முழுதாக ஏற்றி, நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ளுங்கள். நண்பரின் ரம்பத்தை உங்கள் ரெயிலில் ஓட்டினாலோ, வேறு தடிமனுள்ள பிளேடு போட்டாலோ ரப்பர் விளிம்பு பொய் சொல்லத் தொடங்கும். பட்டையை மாற்றுங்கள்.

என் முதல் ரெயிலை நான் கெடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். லோடு ஆட்டோவில் மரச் சட்டங்களோடு சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கினேன். இறக்கும்போது ஓரத்தில் ஒரு நெளிவு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அன்று முதல் ஒவ்வொரு அறுவையிலும் அதே இடத்தில் ரம்பம் ஒரு குலுக்குக் குலுக்கியது, ஒவ்வொரு பலகையிலும் அதே இடத்தில் ஒரு தடம். ரெயிலுக்குத் தனிப் பை இல்லாவிட்டால் பிவிசி குழாய்க்குள்ளாவது செருகிக் கொண்டுபோங்கள்.

ரம்பத்தில் பார்க்க வேண்டியவை

வாட் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. மக்கிட்டா எஸ்பி6000 1300 வாட், போஷ் ஜிகேடி 55 1400 வாட். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு இரண்டுமே மிகை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். எஸ்பி6000இல் நிமிடத்துக்கு 2,000 முதல் 5,200 சுற்று வரை மாற்றலாம். பிளைவுட்டுக்கு முழு வேகம். அக்ரிலிக் ஷீட்டை முழு வேகத்தில் அறுத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும், குறைக்க வேண்டும்.

ரம்பத்தை ரெயிலில் ஏற்றி, அடித்தகட்டில் உள்ள இரண்டு சிறு குமிழ்களைத் திருகி, பக்கவாட்டு ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். பிறகு மெஷின் நின்றிருக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கீழே இறக்கி, மெஷினின் தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ரெயில் எவ்வளவு நேராக இருந்தாலும் இறங்கும் மூட்டில் ஆட்டம் இருந்தால் அறுவை சாயும். விலை மலிந்த மெஷின்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும். பளபளப்பான பெட்டி, நிறைய இணைப்புப் பொருள், ஆனால் மூட்டில் நடுக்கம். கையால் தொட்டு உணர முடிந்த இந்த ஒரு சோதனை, அட்டையில் அச்சடித்த எல்லா எண்களையும்விட மேலானது.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு அடுத்தது. அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அது காக்கும். கெட்டி மரத்தை நீளவாட்டில் பிளக்கும்போது மரம் உள்ளுக்குள் இருக்கும் இழுவிசையால் பிளேடின் மேலேயே மூடிக்கொள்ளும். அப்போது ரம்பம் நம்மை நோக்கி எகிறும். ஃபெஸ்டூல் டிஎஸ் 55இல் பிளவுத் தகடு உண்டு, எஸ்பி6000இல் கிடையாது. பிளைவுட் மட்டும் அறுக்கிறவருக்கு இது குறையாகத் தெரியாது. மரமும் அறுப்பேன் என்கிறவர் இதற்காகக் கூடுதலாகச் செலவிடலாம், அல்லது அறுத்த வாயில் ஆப்பு செருகிக்கொண்டே போக வேண்டும்.

எஸ்பி6000இல் எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பொத்தான். அதைத் தட்டினால் பிளேடு 2, 3 மி.மீ. மட்டுமே இறங்கும். மைக்கா ஒட்டிய பலகையில் முதலில் அப்படி ஒரு கீறல் போட்டுவிட்டு, அடுத்த ஓட்டத்தில் முழு ஆழம் இறக்கினால் விளிம்பு கண்ணாடி போல வரும். மற்ற மெஷின்களில் ஆழத்தைக் கையால் மாற்றி இதையே செய்யலாம். ஒரு நாளைக்கு நாற்பது அறுவை என்றால் பொத்தானின் அருமை தெரியும்.

பேட்டரியா, வயரா? உங்களிடம் ஏற்கெனவே அதே நிறுவனத்தின் 18 வோல்ட் டிரில்லும் பேட்டரிகளும் இருந்தால் பேட்டரி மெஷினை யோசிக்கலாம். மக்கிட்டா டிஎஸ்பி600 அப்படி இரண்டு 18 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. மின்இணைப்பு வராத புதுக் கட்டடங்களுக்கு அது வரம். இல்லையென்றால் வயர் மெஷினே போதும். வயரில் ஒரு தொந்தரவு உண்டு: ரெயிலின் முனையில் வயரோ தூசிக் குழாயோ சிக்கினால் ரம்பம் நடுவழியில் நிற்கும், நின்ற இடத்தில் பலகை கருகும். இரண்டையும் தோள்மேல் போட்டுக்கொண்டு தள்ளப் பழகுங்கள்.

பிளேடும் அதன் பல்லும்

மெஷினோடு வரும் பிளேடு எல்லா வேலைக்கும் ஆகாது. பிளைவுட்டுக்கும் மைக்கா பலகைக்கும் 48 பல், கெட்டி மரத்தை நீளவாட்டில் பிளக்க 24 பல் அளவில் ஒன்று என்று இரண்டாவது வேண்டும். ப்ரீலாம் போர்டும் தடித்த லேமினேட்டும் அதிகம் அறுத்தால், ஒரு பல் தட்டையாகவும் அடுத்தது மூலை மழுங்கியும் இருக்கும் ட்ரிபிள் சிப் வகை சில்லு விடாது, சீக்கிரம் மழுங்காது. பிளேடின் நடுத்துளை 20 மி.மீ. நம் ஹார்டுவேர் கடைகளில் 4 அங்குலமும் 7 அங்குலமும்தான் குவிந்திருக்கும். 160, 165 அளவு சில கடைகளில்தான் கிடைக்கும். மெஷின் வாங்கும் அன்றே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பழக்கம் ஒன்றை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண சர்க்குலர் சாவில் நல்ல முகத்தைக் கீழே போட்டு அறுப்போம், பல் கீழிருந்து மேலே ஏறி வரும்போது மேல்முகம்தான் பிய்யும் என்பதால். டிராக் சாவில் அந்த மேல்முகத்தை ரப்பர் பட்டை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. எனவே நல்ல முகம் மேலே. ரெயில் எப்போதும் உங்களுக்கு வேண்டிய துண்டின்மேல் இருக்கட்டும். பிளேடின் தடிமன் கழிவுப் பக்கத்தில் போகட்டும். அந்தத் தடிமனையும் பட்டியலில் சேருங்கள். 2.2 மி.மீ. பிளேடால் 1220ஐ இரண்டாக அறுத்தால் 610 கிடைக்காது, 609க்கும் ஒரு மயிரிழை குறைவாகவே கிடைக்கும். மூன்று நான்கு அறுவையில் இது ஒரு நூலைத் தாண்டிவிடும்.

இன்னொன்று. டிராக் சா நேராக அறுக்கும், அவ்வளவுதான். செங்கோணமாக அறுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நீங்கள் ரெயிலை வைக்கும் விதத்தைப் பொறுத்தது. பலகையின் ஃபேக்டரி ஓரத்தை நம்பாமல் மூலைமட்டம் வைத்தோ, 3, 4, 5 அடிக் கணக்கிலோ பாருங்கள். அறுத்த பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள்.

கரன்ட்டும் தூசியும்

1300 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 5.7 ஆம்பியர் இழுக்கும். அதோடு 1200 வாட் வேக்குவம் சேர்ந்தால் 11 ஆம்பியருக்கு அருகில் வரும். ஹாலில் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் இரண்டையும் சேர்த்துச் செருகினால் பிளக் சூடாகி உருகும், அல்லது வீட்டுக்காரரின் எம்சிபி விழும். ஏசி பாயின்ட் அல்லது கிச்சன் 16 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் எக்ஸ்டென்ஷன் இழுங்கள். சுருளை முழுதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள், சுற்றியபடி இருந்தால் உள்ளுக்குள் வெந்துபோகும்.

வேக்குவம் எதற்கு, மாஸ்க் போட்டால் போதாதா என்று கேட்பவர்களிடம் நான் கண்டிப்பாகவே பேசுவேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. மூக்குக்குள்ளும் அதைச் சுற்றிய எலும்பறைகளிலும் வரும் புற்று அது. பிளைவுட்டையும் எம்டிஎஃப்பையும் ஒட்டும் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நம் தாத்தாக்கள் கைரம்பத்தால் அறுத்தபோது விழுந்தது பெரிய தூள், தரையில் தங்கியது. இன்று பறப்பது மாவு. மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். டிராக் சாவின் பிளேடு கூட்டுக்குள் மூடியிருப்பதால் வேக்குவம் குழாயைச் செருகினால் பெரும்பாலான தூளை உறிஞ்சிவிடுகிறது. மிச்சத்துக்கு என்95 மாஸ்க். வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டில் வேலை செய்யும்போது தூசி பறக்காத தச்சர் என்று பெயர் வாங்கினால், அடுத்த வீட்டு வேலையும் உங்களுக்கே வரும். வீட்டுக்கு வாங்கிய சின்ன வேக்குவம் அரை மணியில் அடைத்துக்கொள்ளும். பட்டறைக்கென்று விற்கும் வெட் அண்ட் டிரை வகை எடுங்கள்.

விரல்

நம் சைட்டுகளில் பாதி பிளைவுட்டை மார்பிள் கட்டரில்தான் அறுக்கிறார்கள். கல் அறுக்கச் செய்த மெஷின் அது. நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்று சுற்றும். அதில் மர பிளேடைப் போட்டு, ஒரு கையில் பிடித்து, குந்தி உட்கார்ந்து அறுக்கிறோம். பிளேடை மூடும் கவசம் அதில் தானாக இறங்காது. பலகையில் ஆணியோ கணுவோ பட்டு எகிறினால் தொடைக்கும் கைக்கும் நடுவே எதுவும் கிடையாது. சர்க்குலர் சாவைக் கவிழ்த்துப் பலகைக்கு அடியில் போல்ட் போட்டு மேஜை ரம்பம் ஆக்கிக்கொள்வதும் அதே ஆபத்துதான். விரல் போன தச்சரை அறியாத தச்சர் யாராவது உண்டா? நேரான அறுவைக்காக ஒரு ரூபாய் செலவிட மனம் வராவிட்டாலும், இதற்காக டிராக் சா வாங்குங்கள்.

அதிலும் கவனம் தேவைப்படும் ஒரு தருணம் உண்டு. பலகையின் ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவில் பிளேடை இறக்கும்போது, உதாரணமாக பேனலிங்கில் ஏசிக்கு வாய் எடுக்கும்போது, பிளேடு பலகையைத் தொட்ட கணத்தில் ரம்பம் பின்னுக்கு எகிறப் பார்க்கும். ரம்பத்தின் பின்பக்கம் முட்டும்படி ரெயிலில் ஒரு தடுப்பைப் பூட்டிவிட்டு, மெஷின் முழு வேகம் எடுத்த பிறகு மெதுவாக இறக்குங்கள். மூலைகளை ஜிக் சாவால் முடியுங்கள். பலகைக்கு அடியில் இரண்டு அங்குலத் தெர்மகோல் ஷீட் விரித்து, பிளேடு பலகையைத் தாண்டி 3 மி.மீ. மட்டும் இறங்கும்படி ஆழம் வையுங்கள். டைல்ஸும் தப்பும், அறுந்த துண்டும் விழாமல் தாங்கி நிற்கும்.

பணத்தைப் பற்றி

மெஷின் விலையை மட்டும் பார்த்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரண்டாவது ரெயில், இணைப்புக் கம்பி, ரெயிலுக்கான ஒரு ஜோடி கிளாம்ப், இன்னொரு பிளேடு, வேக்குவம் எல்லாம் சேர்ந்தால் மெஷின் விலைக்குச் சமமாக வந்து நிற்கும். ஒரே நாளில் எல்லாம் வேண்டியதில்லை. மெஷின், முதல் 1400 ரெயில், கிளாம்ப் முதலில். குறுக்கு அறுவைக்கு அதுவே போதும். அடுத்த பில் வந்ததும் இரண்டாவது ரெயில், அதற்கடுத்து வேக்குவம்.

கடனாக எடுப்பதென்றால், வட்டிக்கடைக்குப் போகும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு முறை விசாரியுங்கள். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் அறிவித்தார்கள். வயது வரம்பும் ஆவணங்களும் உண்டு, நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தம் எண்ணைப் போட்டே பில் வாங்குங்கள். மின்கருவிக்குக் கட்டும் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவரும் பில் இல்லாமல் வாங்கக் கூடாது. வாரண்டி முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

நாள் கூலிக்கு வேலை செய்யும் தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. சொந்தக் காசில் டிராக் சா வாங்கி மேஸ்திரியின் சைட்டில் ஓட்டாதீர்கள், அதற்கென்று கூலியை முன்பே பேசிக்கொள்ளாதவரை. மெஷின் தேய்வதும் பிளேடு மழுங்குவதும் உங்கள் செலவு, வேகமாக முடியும் வேலையின் லாபம் அவருக்கு. முதலில் அவருடைய மெஷினில் கைப்பழக்கம் எடுங்கள். அளவுப் பட்டியல் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் எந்தத் துண்டை எங்கே எடுத்தால் கழிவு குறையும் என்று தாளில் வரைந்து காட்டத் தெரிந்தவரைத்தான் அடுத்த வேலைக்குத் தனியாக அனுப்புவார்கள். அந்த நாளில் வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது இரண்டடிப் பிளைவுட் துண்டு ஒன்றையும், மைக்கா ஒட்டிய துண்டு ஒன்றையும், உங்கள் மூலைமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெஷினை ரெயிலில் ஏற்றி உங்கள் கையாலேயே அறுத்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.